புதன்கிழமைச் சட்டை

என் போன், அம்மாவின் போன், பக்கத்து வீட்டுப் போன், மாடி வீட்டுப் போன் எல்லாம் ஒரே நேரத்தில் சைரன் மாதிரி அலறின. நான் குளியலறையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பெரியப்பாவின் பச்சைச் சட்டை, சொட்டச் சொட்ட ஈரமாக.

போனைப் பார்த்தேன். "காணவில்லை. வயது அறுபத்தெட்டு. ஞாபகமறதி உள்ளவர். ஒல்லியான உடல், நரைத்த மீசை. பச்சை நிறச் சட்டை அணிந்திருக்கிறார். பார்த்தவர்கள் உடனே அழைக்கவும்."

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் பச்சைச் சட்டையைத் தேடச் சொல்லியாகிவிட்டது. அந்தச் சட்டை என் கையில் இருக்கிறது. போலீசிடம் பச்சை என்று சொன்னது நான்தான்.

பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கிழமைக்கு ஒரு சட்டை. பெரியப்பாவுக்கு மறதி வந்த பிறகு அம்மா செய்த ஏற்பாடு அது. ஏழு ஹேங்கர், ஒவ்வொன்றிலும் கிழமை எழுதி ஒட்டியிருக்கும். காலையில் கண்ணாடி முன்னால் நின்று சட்டையைப் பார்த்துத்தான் இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்துகொள்வார். புதன் என்றால் பச்சை. அந்தப் போலீஸ் அக்கா கையில் புகார்ப் படிவத்தை வைத்துக்கொண்டு, "கடைசியா என்ன போட்டிருந்தாரும்மா?" என்று கேட்டபோது நான் யோசிக்கக்கூட இல்லை. "பச்சைக்கா" என்றேன். "நீ பார்த்தியா?" என்றார். "பார்த்தேன்" என்றேன்.

சரி, அதுதான் பொய்.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அம்மா வேலையிலிருந்து வரும்வரை பெரியப்பா என் பொறுப்பு. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனை மாட்டப்போனேன். வெளியே டம்ளர் விழும் சத்தம் கேட்டது. நான் எழுந்துகூடப் போகவில்லை. "ஐயோ பெரியப்பா! ஒரு இடத்துல சும்மா உக்கார மாட்டீங்களா?" என்று கட்டிலில் இருந்தே கத்தினேன். ஹெட்போனை மாட்டினேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஐந்தரைக்கு அம்மா வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது.

இப்போது புரிகிறது. சட்டைமேல் டீ கொட்டியிருக்கிறது. என்னைக் கூப்பிடப் பயந்து, தானே கழற்றித் துவைத்திருக்கிறார். காலரில் சோப்பு நுரைகூடப் போகவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசை. சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். சட்டையை அழுக்குக்கூடையின் அடியில் திணித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவருடைய குடை வாசல் மூலையில் அப்படியே சாத்தியிருந்தது நினைவுக்கு வந்தது. எழுந்தேன்.

அம்மா கூடத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். "அம்மா, அவரு பச்சை போடல" என்று சட்டையை நீட்டினேன். "நான் அவரப் பாக்கவே இல்லம்மா. சும்மா சொல்லிட்டேன்."

அம்மா சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். அந்த அக்காவுக்குப் போன் போடு. எந்த ஹேங்கர் காலியா இருக்குன்னு பாரு, போ!"

அலமாரியில் இரண்டு ஹேங்கர்கள் காலி. புதன், சனி. சனிக்கிழமை வெள்ளைச் சட்டை. போனில் அதைச் சொன்னபோது அந்த அக்கா திட்டவில்லை. "இப்பவாவது சொன்னியே, நல்லது. இதோ மாத்திடறேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. வெள்ளை என்றால் அவருக்கு இன்று சனி. சனிக்கிழமை அவர் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும்.

பெரியப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதில் நான்தான் அவருக்குக் கண்டக்டர். "கண்டக்டர், விசில் குடுங்க, வண்டி நிக்குது" என்றுதான் தெருவில் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார். பேர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாலிபால் பயிற்சி முடியும்போது மைதானத்து வாசலில் நிற்பார். நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. ஒன்று அப்பாவுடையது. என் கூட விளையாடுகிற ஒருத்தி, "யாருடி அது, உன்னையே பாத்துட்டு நிக்கிறாரு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "தெரியாதுடி" என்றேன்.

ஆறடி தூரத்தில் இருந்தார். அன்றைக்கு என் பின்னாலேயே, பத்தடி விட்டு நடந்து வீடு வந்தார். அடுத்த சனியிலிருந்து வரவில்லை. கால் வலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

மைதானத்துக்கு அம்மாவும் நானும் மழையில் ஓடினோம். வழியில் போன் மறுபடி அலறியது. வெள்ளைச் சட்டை.

சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால், வாசலில் இருந்து பார்த்தால் தெரியாத மூலையில் நின்றிருந்தார். தோளில் வாட்ச்மேனின் சாக்கு. உதடு நடுங்கியது. வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "எனக்கும் மொத மெசேஜ் வந்துச்சும்மா. பச்சைன்னு போட்டிருந்தாங்க. இவரு வெள்ளை. யாரோ புள்ளையக் கூப்பிட வந்தவருன்னு விட்டுட்டேன். வாசல்ல வந்து நில்லுங்கன்னேன், மாட்டேன்னுட்டாரு." பிறகு பெரியப்பாவின் காதருகே குனிந்து, "ஐயா, இவங்கள்லாம் யாரு? தெரியுதா?" என்று சத்தமாகக் கேட்டார்.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். "என் தம்பி சம்சாரம்."

"இந்தப் பொண்ணு?"

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்கூட இல்லை.

"தெரியாதுங்க."

அம்மா என் தோளை அணைத்துக்கொண்டாள். "வியாதிடி. இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாருல்ல? மனசுல வச்சுக்காத" என்றாள். அம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமை பற்றித் தெரியாது. அப்பா பைக்கில் வந்து சேர்ந்தார். "அண்ணா, ஏறு" என்றார். பெரியப்பா தலையாட்டி மறுத்துவிட்டார். எல்லோரும் நடந்தே வந்தோம். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சரியாகப் பத்தடி விட்டு நடந்து வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார்.

இப்போது இரவு மணி இரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கிறது. பச்சைச் சட்டையை நானே அலசிப் பிழிந்து, புதன் என்று ஒட்டிய ஹேங்கரிலேயே காயப்போட்டிருக்கிறேன். நாளை காலையில் அவர் முன்னால் போய் நிற்கவேண்டும். தெரியாது என்று அவர் சொன்னது என்னை மறந்துபோனதாலா, அந்தச் சனிக்கிழமையை மறக்காததாலா?