பச்சைப் பொட்டலம்

தைவானின் சின்ச்சு நகரச் சிப் ஆலையில் சிலிக்கான் தகடுகளை இயந்திரம் இயந்திரமாக அனுப்பிவைக்கும் புரோகிராம் மறுபடியும் உறைந்து நின்றது. மேலாளர் லியாவ் ஓடி வந்து முதலில் பார்த்தது திரையை அல்ல; சர்வர் மேல் வைத்திருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தின் காலாவதித் தேதியை. பச்சைப் பொட்டலம் இருந்தால் சர்வர் சொன்ன பேச்சு கேட்கும், தேதி தாண்டினால் முரண்டு பிடிக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. இதில் மட்டும் அங்கே எந்த இன்ஜினியரும் விளையாட மாட்டார்.

"தேதி இருக்கு. அப்போ நீ எழுதின கோடுலதான் கோளாறு, பெய்ஷான். ரீஸ்டார்ட் பண்ணு."

புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் பெய்ஷானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் இதே கதை. ரீஸ்டார்ட் செய்தால் எங்கே சிக்கியது என்ற தடயம் அழிந்துபோகும், பழி மட்டும் அவள் தலையில் மிஞ்சும். இன்னொரு தடவை நின்றால் குழுவை விட்டே தூக்கிவிடுவதாக எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார் அந்தப் புண்ணியவான்.

"மாட்டேன் சார். இப்படியே டீபக்கரை மாட்டி, உள்ள எங்க சிக்கியிருக்குன்னு பாக்கப் போறேன்."

"மாட்டினா புரோகிராம் நின்னுடும், தெரியாதா?"

"நின்னதை இன்னும் எப்படி சார் நிறுத்தறது?"

லியாவ் கீபோர்டுக்குக் கை நீட்டினார். அவள் முழங்கையால் மறித்துக்கொண்டு டீபக்கரை மாட்டினாள். புரோகிராமின் ஒவ்வொரு வேலையும் எந்த வரியில் நிற்கிறதென்று திரையில் வந்து விழுந்தது. எல்லாம், ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே வைத்திருக்கக்கூடிய ஒரே பூட்டுக்காகக் காத்திருந்தன. அதை ஒரு வேலை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு விடாமல் நின்றது.

"அது எதுன்னு வாசிங்க சார்."

லியாவ் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நானே வாசிக்கறேன். உங்க போனுக்கு உற்பத்திக் கணக்கு அனுப்பற வேலை. நீங்களே எழுதிச் சேத்தது. பதில் வர்ற வரைக்கும் பூட்டை விடாது. பதில் வரல. மொத்த ஆலையும் உங்க போனுக்காக நிக்குது!"

"சரி சரி, யார் கோடுங்கறதா இப்ப முக்கியம்? மொதல்ல ரீஸ்டார்ட் பண்ணு."

இத்தனை மாதமும் அதுதானே முக்கியமாக இருந்தது! பெய்ஷான் பல்லைக் கடித்துக்கொண்டு, திரையில் இருந்ததைச் சேமித்துக் குழு முழுவதற்கும் அனுப்பினாள். பிறகுதான் ரீஸ்டார்ட் செய்தாள். தகடுகள் நகரத் தொடங்கின.

எழுந்து போய்ப் பச்சைப் பொட்டலத்தை எடுத்து வாயைக் கிழித்தாள்.

"ஏய், அதைப் பிரிக்கக் கூடாது!" லியாவ் பதறினார்.

"முரண்டு பிடிச்சது மெஷின் இல்ல சார்." பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள். "நீங்க சாப்பிடுங்க."