இன்சுலின் என்றுதான் சொல்லியிருந்தாள்

...ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டுவிடுகிறேன் டாக்டர் என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது, போட்ட ஊசியையெல்லாம் என்னம்மா பண்றீங்க என்று அவர் கேட்டதற்கு, அவரும் தலையாட்டினார், வெள்ளை அணுக்கள் பரவாயில்லை, ஒரு ஊசிகூட விடக்கூடாது என்றார், எல்லாம் சரி, 29சி பஸ் அடையாறு பாலத்தில் ஏறி நெரிசலில் நின்றபோதுதான் தங்கபுஷ்பத்துக்கு நேற்றைய ஊசி ஞாபகம் வந்தது. அதை அவள் ப்ளீச்சிங்கில் போடவில்லை. மூடியைச் செருகி, மருந்துக் குப்பியும் புது ஊசிகளும் இருந்த டிபன் டப்பாவில் வைத்து, கீழ்வீட்டு மாமியின் ஃப்ரிட்ஜில்... கூறுகெட்டவளே, வைத்துவிட்டு எப்படி மறந்தாய்? மாடியில் அவளுக்கு ஃப்ரிட்ஜ் கிடையாது, மருந்து சூடு பட்டால் வெறும் தண்ணீர்தான் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார், அதனால்தான் வீட்டுக்கார மாமியிடம் போய் நின்றாள், என் வீட்டுக்காரருக்கு இன்சுலின் மாமி, ஓரமா ஒரு டப்பா வச்சுக்கட்டுமா என்று. வேறென்ன சொல்ல முடியும்? லாரி மோதிக் கிடந்தபோது ஏற்றிய ரத்தத்தில் புருஷன் வைரவனுக்கு எச்.ஐ.வி. வந்தது, கூடவே ஹெபடைடிஸ் சி-யும் வந்தது, கல்லீரலைக் காப்பாற்ற இந்த ஊசி என்று சொன்னால் மயிலாப்பூரில் யார் வீடு தருவார்கள், ஃப்ரிட்ஜை விடு.

மாமியின் கணவர் ஸ்ரீரங்கன் மாமாவுக்கு நிஜமாகவே சர்க்கரை. உன் ஆம்படையானும் நானும் ஒரே ஜாதிடீம்மா, சர்க்கரை ஜாதி என்று சிரிப்பார். அந்த வீட்டில் ஊசியைத் தூக்கிப் போடுவதில்லை, ஒன்றையே மூடி ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து வாரம் முழுக்கப் போட்டுக்கொள்வார், தனக்குத்தானே போடுவதால் ஒன்றும் ஆவதில்லை. நேற்று ராத்திரி, மாமா சாப்பிட்டுப் படுத்தபின், மருந்துக் குப்பியைத் திருப்பி வைக்கப் போனபோது கையில் ஊசியும் இருந்தது, மாமி பார்த்துவிட்டாள். ஏண்டிம்மா, ஒவ்வொரு தடவையும் புதுசா, அப்படி என்ன ஊதாரித்தனம்? சர்க்கரைக்காரர் வீட்டில் அப்படிச் செய்ய மாட்டார்களோ என்று பயம், சும்மா ஒப்புக்கு உள்ளே வைத்தாள், மாமி அந்தண்டை போனதும் எடுத்துவிடலாம் என்று. அதற்குள் மாடியிலிருந்து வைரவன் கூப்பிட்டான், ஊசி போட்டாலே வரும் குளிர்காய்ச்சல், இரண்டு போர்வைக்கும் அடங்கவில்லை.

சத்யா ஸ்டுடியோ தாண்டியது. மாமா ராச்சாப்பாட்டுக்கு முன்னால், டி.வி.யில் செய்தி தொடங்குமுன் போட்டுக்கொள்வார். ஒரு தடவை, ஊசி வளைஞ்சுடுத்தும்மா, உன் டப்பாலேர்ந்து புதுசா ஒண்ணு எடுத்துண்டேன் என்றாரே... அப்போது பெருமையாகக்கூட இருந்தது, அக்கம்பக்கத்தோடு கொடுத்து வாங்கி ஒன்றாகிவிட்டோம் என்று. இறங்கி எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தால்? என்னவென்று சொல்வாள்? ஏன் என்று மாமி கேட்பாளே. துருப்பிடித்தது என்று சொல்லலாம், மருந்துக்கடையில் போலி ஊசி விற்றுவிட்டான் என்று சொல்லலாம். கிரீன்வேஸ் சாலையில் சிக்னல் விழவே இல்லை. கண்டக்டர் யாரிடமோ, இன்னாம்மா படியில நின்னுகினு கீற, உள்ள போ என்று கத்தினான், தன்னைத்தான் சொல்கிறான் என்று பிறகுதான் உறைத்தது. மந்தைவெளியில் குதித்து ஓடினாள், செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டாள்.

மாமா நாற்காலியில் வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கி உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி. மடியில் அவள் டிபன் டப்பா. கேட்காமல், சொல்லாமல் பிடுங்கினாள். அது மொன்னையாயிட்டு மாமா, வலிக்கும், புதுசு தாரேன் என்றாள். பயம் அப்படியே கால் வழியாக இறங்கிப் போனது போலிருந்தது, போடவில்லை, தொடையில் ரத்தம் இல்லை, அப்பாடா.

"எதுக்கும்மா இப்படி ஓடி வரே?" மாமா சிரித்தார். "வெள்ளிக்கிழமை உன்னோடதைத்தான் எடுத்துப் போட்டுண்டேன். ஒண்ணும் வலிக்கலையே."

வெள்ளிக்கிழமை. அன்று அவளுக்குத் தலைவலி, குப்பியை வைக்க வைரவன்தான் கீழே இறங்கினான். ஊசியை அவன் எங்கே போட்டான்? மாமி அந்த ஊதாரிப் பேச்சை அவனிடமும் பேசியிருப்பாளோ?

"அது... கவர் பிரிக்காததா மாமா? பிரிச்சதா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம். ஏன் கேக்கறே?"

சமையலறையில் மாமி ரசத்துக்குத் தாளிக்கும் சத்தம். ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது, டப்பா வெளியே மாமாவின் மடியில் சூடாகிக்கொண்டிருந்தது, அதை உள்ளே வைக்க வேண்டும் என்று கை பரபரத்தது, அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது என்பதில் அவளுக்கே அவமானமாக இருந்தது. இவருக்கு ரத்தம் சோதிக்க வேண்டும். சோதிக்கச் சொல்ல வேண்டுமானால் ஏன் என்று சொல்ல வேண்டும். பாலத்திலிருந்து இங்கே வரை எத்தனை பொய்கள் தயார் செய்தாள், உண்மையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு வார்த்தைகூட யோசித்து வைக்கவில்லை.

"மாமா..." என்றாள். மாமா வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, சொல்லும்மா என்று அவள் முகத்தைப் பார்த்தார்.