இரண்டு இடப்பக்கம்

எங்கள் சித்தப்பா சிங்கராயருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல். கட். பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு மிலிட்டரித் தையல்கடையில் நாலு வருஷம் இருந்து அதைச் சம்பாதித்துக்கொண்டு ஓசூருக்கு வந்து பஜாரில் கடை போட்டார். அதை வைத்தே காலத்தை ஓட்டினார். கரண்ட் போனால் கட். பக்கத்துக் கடைக்காரரோடு பேச்சு கட். குந்தாரப்பள்ளிச் சந்தையில் விற்கும் துண்டுத் துணி கட் பீஸ். அதைத் தொட்டால் கை கெட்டுவிடும் என்பார். தான் வெட்டிய சட்டை யார் உடம்பிலாவது சரியாக உட்கார்ந்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, என்ன கட்!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்வார்.

அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்தவர் அவர்தான். ஒன்பது வருஷமாக அவர் கடையில் மெஷின் மிதிக்கிறேன். வெட்டுவது மட்டும் அவர். அவருடைய பெரிய கத்தரியை யாரும் தொடக்கூடாது. கத்தரியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், பலகையில் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது தையல்கடை வழக்கம். சித்தப்பா பலகையிலும் வைக்க மாட்டார். மதியம் சோறு தின்னும்போது மடியில் வைத்துக்கொள்வார். பார்த்துப் பார்த்தே நான் வெட்டக் கற்றுக்கொண்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு நாளாவது கத்தரியோடு நிற்க வேண்டும். எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

ஆட்சி மாறிய மறுவருஷம் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. பெயர் ராயப்பன். பெங்களூரில் ஃபேக்டரி வேலை. அவருக்கும் சித்தப்பாவின் இங்கிலீஷ் தெரியும் என்பதால் இருவருக்கும் ஒரே மணி நேரத்தில் பிடித்துப்போயிற்று. என்னைக் கேட்டார்களா? டீ கொண்டுவா என்று கேட்டார்கள். மாதா கோயிலில் முதல் ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவும் என்று. மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் தாலி.

மாப்பிள்ளைக்குக் கோட்டு பெண் வீட்டார் கொடுக்க வேண்டும். நாங்கள் கட் பீஸில் தைத்துவிடுவோமோ என்று பயந்து, அவரே பெங்களூரில் கம்பளித் துணி வாங்கி அனுப்பினார். ஒரு கோட்டுக்குக் கச்சிதமாக இருந்தது.

துணியை இரண்டாக மடித்து வெட்டினால் இடது முன்பக்கமும் வலது முன்பக்கமும் தானாக ஜோடியாக வரும். மடித்து வெட்டுவது கத்துக்குட்டி வேலை என்பது சித்தப்பாவின் கொள்கை. ஒற்றையாக விரித்து, அளவுத்தாளை வைத்து ஒன்று வெட்டினார். பிறகு தாளைத் திருப்பிப் போடவேண்டும். கண்டோன்மெண்டில் எந்தக் கர்னலுக்கு என்ன தைத்தார் என்று சொல்லிக்கொண்டே திருப்பாமல் வெட்டினார். இரண்டும் இடப்பக்கம். மாப்பிள்ளைக்கு இரண்டு இடது மார்பு இருந்தால் கோட்டு அளவாக இருந்திருக்கும்.

சித்தப்பா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆயித்து, எல்லாம் முடிஞ்சுது, பவுலினா. மானம் போச்சு. கல்யாணம் கட்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஒன்றைத் திருப்பிப் போட்டேன். துணியின் உள்பக்கம் வெளியே வந்து, அது வலப்பக்கம் ஆயிற்று. கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். "மீதித் துண்டுல அந்தப் பக்கத்துக்குக் காலர் மடிப்பும் பாக்கெட்டும் மங்கலாவே வெட்டிட்டா கண்ணுக்குத் தெரியாது. கத்தரியக் குடுங்க."

பலகையில் வைக்கக்கூட நினைவில்லாமல் என் கையிலேயே கொடுத்தார்.

இரண்டாம் ஓலையும் வாசித்து முடிந்தது. அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை வந்து கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "மாமா, எங்க ஜெனரல் மேனேஜருக்குக்கூட இந்தக் கட் இல்லைங்க!"

சித்தப்பா அந்தப் புகழைப் பாயசம்போல விழுங்கினார்.

"அதுல பாதி நான் வெட்டுனது," என்றேன்.

மாப்பிள்ளையின் முகம் மாறிற்று. "அத வெளிய சொல்லாதே. பொம்பளை வெட்டுன கோட்டுன்னா ஃபேக்டரியில சிரிப்பாங்க. கல்யாணத்துக்கப்புறம் மெஷின், கத்தரி எல்லாம் கட். புரியுதா?"

சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, காது சுடுகிற அளவுக்கு. கோட்டை மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். பட்டன் எல்லாம் கெட்டியாகத்தான் தைத்திருந்தேன். வேலையில் நான் வஞ்சனை செய்வதில்லை.

மறுநாள் பூசைக்கு முன்னாலேயே சாமியாரிடம் போனேன்.

"சாமி, மூணாம் ஓலை வாசிக்க வேணாம். தடை இருக்குதுங்க."

"யாரும்மா சொன்னாங்க?"

"பொண்ணே சொல்லுதுங்க, சாமி."

சாமியார் ஓலையை நாலாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். சித்தப்பா என்னோடு பேச்சைக் கட் பண்ணிவிட்டார். ஒரு வாரம். கோட்டு மட்டும் பெங்களூரிலிருந்து திரும்பி வரவே இல்லை.

எட்டாம் நாள் ஒருவர் சட்டைத் துணியோடு வந்தார். சித்தப்பா அளவெடுத்தார். துணியைப் பலகையில் போட்டார். மடியிலிருந்த கத்தரியை எடுத்து, பிடி என் பக்கம் இருக்கும்படி வைத்தார்.

"ரெண்டா மடிச்சு வெட்டு," என்று சொல்லிவிட்டு, என் மெஷினில் போய் உட்கார்ந்தார்.