சிலுவை விழுந்த க்ளிப்பு

பதினொரு வருஷமாக சுகுணா கேட்டது ஒரே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் ஜெபதுரை கம்பெனியின் மோல்டிங் ஹாலில் ஆறு மெஷின்களும் பன்னிரண்டு பெண்களும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தார்கள். அடுத்த மாசம் பார்க்கலாம், கிறிஸ்துமஸ் கழியட்டும் என்று முதலாளி ஜெபதுரை சொல்லிச் சொல்லியே பதினொரு கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது. போன ஜூன் மாதம் அவருடைய மகன் எட்சன் பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு த்ரீ-டி பிரிண்டர் ஒன்றோடு திரும்பினான். மறுவாரமே அதற்கு ஒரு கண்ணாடி அறை எழும்பியது, ஏசி வந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வரும்படி வாசலில் ஒரு போர்டும் வந்தது. மனுஷிகளுக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம். பிரிண்டருக்கு வேர்த்தால் பீஸ் வளைந்துபோகுமாம்.

சுகுணாவுக்கு ஹாலில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. உத்தனப்பள்ளியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்தாளென்றால், மெஷின் துப்புகிற ஒவ்வொரு பீஸும் அவள் கை வழியாகத்தான் போகும். நல்லது பச்சை ட்ரேயில், கெட்டது சிவப்பு டப்பாவில். அதைப் பிரிக்க அவளுக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை, காரணம் அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு மோல்டு, அதாவது உருகின பிளாஸ்டிக்கை உள்ளே தள்ளி வடிவம் எடுக்கிற இரும்பு அச்சு வந்தால், ஜெபதுரை பாஸ்டரை அழைத்துவந்து ஜெபம் செய்வார். ஜெபம் முடிந்ததும் டூல் ரூம் பெரியதம்பி அச்சின் கடைசி மூலையில் கடுகளவு ஒரு சிலுவை வெட்டுவார். பிறகு அதே பெரியதம்பி அதே அச்சுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவார். எந்தப் பக்கத்திலிருந்தும் குறை வந்துவிடக் கூடாது அல்லவா.

பிளாஸ்டிக் கடைசியாகப் போய்ச் சேருகிற மூலை அதுதான். அதனால் பீஸில் சிலுவை தெளிவாக இருந்தால் அச்சு முழுசாக நிரம்பியிருக்கிறது, மழுங்கியிருந்தால் நிரம்பவில்லை. "சிலுவை விழுந்துச்சா?" என்றுதான் ஹாலில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். கஸ்டமர் கொடுக்கிற டிராயிங்கில் அந்தச் சிலுவை கிடையாது. கஸ்டமர் யாரும் அதைக் கண்டதும் கிடையாது.

பெங்களூரில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்கிற ஒரு கம்பெனிக்கு, சார்ஜ் போடுகிற இடத்து மூடியைப் பிடித்துக்கொள்ளும் சின்ன க்ளிப்பு ஒன்றை இந்த ஹால்தான் இரண்டு வருஷமாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு குறை வந்ததில்லை. குறை இல்லாததுதான் குறையோ என்னவோ, அங்கே புதிதாகப் பொறுப்புக்கு வந்த சேதன் என்பவர், மோல்டிங் எல்லாம் தாத்தா காலத்துச் சமாச்சாரம், இனி எங்கள் வண்டியில் பிரிண்ட் செய்த பீஸ்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மீட்டிங்கில் சொல்லிவிட்டார். கை தட்டிவிட்டார்கள். தட்டிய பிறகு பின்வாங்க முடியுமா? அதே க்ளிப்பை நூறு எண்ணிக்கை பிரிண்ட் செய்து வையுங்கள், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் வருகிறேன், பிடித்தால் ஆர்டர், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறேன் என்று மெயில் வந்தது.

எட்சன் ஹாலுக்கு வந்து பெண்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசினான்.

"யாரும் பயப்படாதீங்க. இது ஒரு டிரான்ஸிஷன்."

"அப்படின்னா என்னாங்க சின்ன சார்?" என்றாள் மெஷின் ஓட்டுகிற காளியம்மாள்.

"சேதன் சார் ஓகே பண்ணிட்டா மாசக் கடைசியோட ஹால் க்ளோஸ். எல்லாமே பிரிண்டிங்."

சுகுணா மனசுக்குள் தன் வயசை எண்ணிப் பார்த்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயசு. சிப்காட்டில் எந்த கேட்டுக்குப் போனாலும் இருபது வயசுப் பெண்பிள்ளைகளைத்தான் உள்ளே விடுகிறார்கள். மகள் லாவண்யா இப்போதுதான் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். இந்த ஹால் போனால் அவளுக்கு வேறு ஹால் கிடையாது.

பிரிண்டரோ தன் மரியாதைக்குக் குறைவில்லாமல் வேலை செய்தது. நாலு க்ளிப்பு அடிக்க ஐந்து மணி நேரம். நடுவில் கரன்ட் ஒரு சிமிட்டு சிமிட்டினால் நாலும் இடியாப்பமாகிவிடும். ஓசூர் கரன்ட் சிமிட்டாமல் இருக்குமா? எட்சன் ஒவ்வொரு இடியாப்பத்தையும் எடுத்து 'லேர்னிங்' என்று எழுதின டப்பாவில் போட்டான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தபோது தேறினது பதினேழு க்ளிப்பு. டப்பா நிறைய லேர்னிங்.

அன்று சாயங்காலம் ஜெபதுரையே ஹாலுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகியும் பேச்சில் ஊர் போகவில்லை.

"ஏ பெரியதம்பி, அந்த க்ளிப்பு மோல்டு எங்க கெடக்கு?"

"நாலாம் நம்பர் மெஷின்லயே மாட்டிக் கெடக்குதுங்க ஐயா."

"எண்பத்திமூணு பீஸ் போட்டுத் தரணும். பாத்தா பிரிண்டர்ல அடிச்ச மாதிரி இருக்கணும்."

பிரிண்டர் பிளாஸ்டிக்கை அடுக்கு அடுக்காக வைத்துக் கட்டுவதால் அதன் பீஸில் மெல்லிய கோடுகள் ஓடும். மோல்டிங் பீஸ் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். ஆகவே அச்சின் உள்ளே கோடு கீற வேண்டும்.

பெரியதம்பி மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "இத்தன வருசமா கோடு விழக்கூடாதுன்னு பாலிஷ் போட்டவன் நானு. இப்ப என்னையே கோடு போடச் சொல்றீங்களே ஐயா."

"போடுப்பா. கர்த்தர் மன்னிப்பாரு."

எட்சன் இதற்கு 'ஹைபிரிட் சொல்யூஷன்' என்று பெயர் வைத்தான். பெரியதம்பி புதன்கிழமை மத்தியானம்வரை குனிந்த தலை நிமிராமல் கோடு கீறினார். குறுக்கே போட்டால் பீஸ் அச்சைக் கடித்துக்கொண்டு வெளியே வராது என்று நெடுக்கே போட்டார். பொய் சொன்னாலும் பீஸ் ஒழுங்காக வெளியே வர வேண்டும் என்பது அவர் கொள்கை.

சுகுணாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பீஸ் நன்றாக அமைந்தால் பிரிண்டிங் ஜெயித்தது, ஹால் மூடிவிடும். மோசமாக அமைந்தால் ஆர்டர் போய்விடும், அப்போதும் ஹால் மூடிவிடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதிலும் இந்த மத்தளத்தைத் தன் கையாலேயே அடித்துக்கொள்ளச் சொல்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நாலாம் நம்பர் மெஷின் ஓடத் தொடங்கினால் எண்பத்திமூன்றில் நிற்கிற ஜாதி அல்ல. நூற்றிருபது துப்பிவிட்டுத்தான் ஓய்ந்தது. காளியம்மாள் அதையும் பிரிண்டரின் பதினேழையும் ஒன்றாகவே சுகுணாவின் மேஜையில் கொட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. சுகுணா மனசில் மாசக் கடைசியை நினைத்துக்கொண்டே கையால் பொறுக்கினாள். நூறு சேர்ந்ததும் பச்சை ட்ரேயைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

வியாழக்கிழமை சேதன் வந்தார். முப்பது வயசுக்குள் இருக்கும், காலில் வாழைப்பழப் படம் போட்ட சாக்ஸ். கண்ணாடி அறைக்குள் பிரிண்டர் எதையும் அடிக்காமல் சும்மா இங்கும் அங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. சும்மா நகர்ந்தால் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்பது எட்சனின் யோசனை. டெக்னீஷியன் ஒருவர் நிற்க வேண்டுமென்று சுகுணாவுக்கு நீலக் கோட்டு மாட்டி ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். ஏசிக் காற்று அவள் கழுத்தில் பட்டது. அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாலில் காளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது.

சேதன் ட்ரேயிலிருந்து ஒரு க்ளிப்பை எடுத்துக் கோடுகளை விரலால் தடவினார். வளைத்தார், அது வளைந்து திரும்பி நின்றது. பத்துத் தடவை வளைத்தார்.

"இவ்வளவு சுத்தமான பீஸை நான் பார்த்ததே இல்லை. மோல்டிங்கில் இது கனவிலும் வராது" என்றார் கன்னடத்தில்.

பதினொரு வருஷத்தில் அவள் பீஸை ஒருவர் வாய் திறந்து புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. சுகுணாவுக்கு நெஞ்சு விம்மியது. அது என்னுடையது என்று சொல்லத்தான் முடியவில்லை.

ஆடிட்டுக்கு வருகிறவர்கள் சிவப்பு டப்பாவையும் கேட்பார்கள் என்று எட்சன் அதையும் ட்ரே பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தான். சேதன் அதற்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து வளைத்தார். டப்பென்று ஒடிந்தது. அடுக்கு அடுக்காக உரிந்துகொண்டு வந்தது.

"பார்த்தீங்களா, இதுதான் பழைய மோல்டிங் பீஸ். இதற்காகத்தான் நான் சொன்னேன்."

எட்சனின் முகம் வெளுத்துவிட்டது. ஒடிந்தது அவன் பிரிண்டரின் பீஸ். சுகுணா டப்பாவை எட்டிப் பார்த்தாள். பதினேழும் மொத்தமாக அங்கேதான் கிடந்தன. நேற்று மனசு எங்கேயோ இருந்தபோது கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருக்கிறது. பிரிண்டர் டிராயிங்கில் இருப்பதைத்தான் அடிக்கும். டிராயிங்கில் சிலுவை இல்லை. சிலுவை விழாத பீஸைப் பச்சை ட்ரேயில் போட அவள் கைக்குத் தெரியாது.

சேதன் அவள் பக்கம் திரும்பினார். "இதை எல்லாம் நீங்க ஏன் ஒதுக்கினீங்க?"

ஓசூரில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கன்னடம் தெரியாமலா இருக்கும்? ஜெபதுரை கண்ணாலேயே கெஞ்சினார். எந்தப் பொய்யைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே உண்மையைச் சொன்னாள்.

"சிலுவை விழலைங்க சார். விழுந்தா நல்ல பீஸு, விழலைன்னா கெட்ட பீஸு."

ட்ரேயிலிருந்து ஒன்றை எடுத்து உள்மூலையை நகத்தால் காட்டினாள். சேதன் போனை அருகில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, பத்து பீஸ் பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது.

"எட்சன், இது என்ன?"

எட்சன் போனை எட்டிப் பார்த்தான். "கேலிப்ரேஷன் மார்க் சார்."

"ஸ்தோத்திரம்" என்றார் ஜெபதுரை வாய்க்குள்.

சேதனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இதை டிராயிங்கிலேயே சேர்த்துடறேன். இந்தக் கோடும் இந்த மார்க்கும் இல்லாத பீஸை இனி எங்க கேட்டுக்குள்ள விடமாட்டோம். முதல் லாட் நாற்பதாயிரம், அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள." அவர் கார் பெங்களூர் ரோட்டில் மறையும்வரை அப்பாவும் பிள்ளையும் கை ஆட்டினார்கள்.

ஆட்டின கை இறங்கினதும் எட்சன் படியில் உட்கார்ந்துவிட்டான். சுகுணா நீலக் கோட்டைக் கழற்றி மடித்தாள். கணக்கை அவள் உள்ளே நிற்கும்போதே போட்டு வைத்திருந்தாள்.

"சின்ன சார், நாப்பதாயிரமும் பிரிண்டர்ல அடிச்சா, ராப்பகலா ஓட்டினாலும் ஆறு வருசம் ஆவும். நாலாம் நம்பர்ல மூணு ஷிப்டு போட்டா நாலு நாளு."

ஜெபதுரை மகனைப் பார்க்கவில்லை. "ஹால மூட வேண்டாம்மா. ஆனா ஒண்ணு, ஹால்னு ஒண்ணு நம்மட்ட இருக்குன்னு அவருக்குத் தெரியக் கூடாது."

"பேரை மாத்திரலாம்ப்பா" என்று எட்சன் தலை நிமிர்ந்தான். பெயர் வைக்கிற வேலை என்றால் அவனுக்கு உயிர் வந்துவிடும். "அட்வான்ஸ்டு பிரிண்டிங் யூனிட் டூ."

"சரிங்க ஐயா" என்றாள் சுகுணா. "அப்ப அதுவும் பிரிண்டிங் ரூமு தானுங்களே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பிரிண்டிங் ரூமுன்னா ஏசி இல்லாம ஆவாதுன்னு சின்ன சாருதான சொன்னாரு. அடுத்த தரம் அந்த சார் உள்ள வந்து வேர்த்துச்சுன்னா, நான் என்னான்னு சொல்லட்டுங்க?"

ஜெபதுரை அவளைப் பார்த்தார். பதினொரு வருஷமாக ஃபேன் கேட்ட அதே முகம்தான், கேட்கிற விதம்தான் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ஆளைக் கூட்டிவந்து கண்ணாடி அறையின் ஏசியைக் கழற்றி ஹாலில் மாட்டவைத்தார். பிரிண்டருக்கு வேர்க்குமே என்று எட்சன் இழுத்தபோது, துடைச்சுவிடு என்றார்.

திங்கட்கிழமை காலை புது போர்டுக்குக் கீழே பன்னிரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. அந்த ஒரு ஏசியின் குளிர் சுகுணாவின் மேஜைக்கும் நாலாம் நம்பர் மெஷினுக்கும் மேல் எட்டவில்லை, ஆனாலும் எல்லோரும் முறை வைத்து அதற்குக் கீழே வந்து நின்றுவிட்டுப் போனார்கள். இருந்த ஹாலுக்குப் பதினொரு வருஷமாக ஒரு ஃபேன் வரவில்லை. இல்லாத ஹாலுக்கு மூன்றே நாளில் ஏசி வந்துவிட்டது. அதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று சுகுணாவுக்குத் தெரியவில்லை.

காளியம்மாள் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து கழுத்தைக் குளிரில் நீட்டினாள்.

"ஏங்கக்கா, உள்ள பிரிண்டரையே காணமே. அந்த சாரு வந்து பிரிண்டர் எங்கன்னு கேட்டா?"

சுகுணா முதல் பீஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். சிலுவை விழுந்திருந்தது.

"நாமதான்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு அதைப் பச்சை ட்ரேயில் போட்டாள்.