அண்ணாச்சி அழித்த வரி

"அன்ரி, தண்ணியை ஆர் நிப்பாட்டினது?"

ஆரணிக்கு ஆறு வயது. நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, லாட்ஜ் வரவேற்பு மேசையின் விளிம்பில் தாடையை வைத்து அவள் கேட்டதும், மேசைக்குப் பின்னால் வேலையிலிருந்த சங்கரேஸ்வரி பேனாவை மூடி வைத்தாள். குற்றாலத்துக்காரர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. சித்திரையில் பாறை காய்ந்து கிடக்கும், ஆனியில் சாரல் விழுந்தால் அருவி கொட்டும். பொழுது விடிவது மாதிரி அது. சொல்லவும் கேட்கவும் என்ன இருக்கிறது?

பின்னாலேயே ஆரணியின் அம்மா துஷ்யந்தி வந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, நார்வேக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஆனவள். கைபேசியை மேசைமேல் வைத்தாள்.

"இதைப் பாருங்கோ. வெளிநாட்டு விருந்தினருக்கான தகவல் எண்டு உங்கட இணையப் பக்கத்திலதான் கிடக்கு. செங்கோட்டைக்கு எந்த ரயில், எங்க காசு எடுக்கிறது, எந்தத் தண்ணியைக் குடிக்கக் கூடாது, எல்லாம் இருக்கு. வருசம் முழுக்க அருவியில குளிக்கலாம் எண்டும் இருக்கு. போய்ப் பார்த்தால் வெறும் பாறை. மேல ரெண்டு குரங்கு. ஒஸ்லோவில இருந்து பிள்ளைக்குக் குரங்கு காட்டவோ கூட்டிக்கொண்டு வந்தனான்?"

சங்கரேஸ்வரிக்கு முகம் எரிந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவளே அவள்தான். நாலு சாயங்காலம் உட்கார்ந்து, ஆங்கிலத்தில், வருகிறவர்களுக்கு ஒரு சிரமமும் வரக்கூடாது என்று எழுதினாள். பெண்கள் குளிக்க எந்தப் பக்கம், என்ன உடுத்த வேண்டும், எந்த பஸ் பழைய குற்றாலம் போகும் என்பது வரை எழுதினாள். 'மார்ச் முதல் மே வரை அருவிகளில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது' என்றும் ஒரு வரி. முதலாளி வேல்சாமி அண்ணாச்சி அந்த ஒரு வரியை மட்டும் அழித்தார். வருடம் முழுவதும் குளிக்கலாம் என்று போட்டார். இரண்டு வருடமாக அது அப்படியே இருக்கிறது. கணவர் இறந்த பிறகு இந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்குத் திறந்துவிட்டாள்.

"தண்ணி இருக்காதுன்னு நான் எழுதித்தான் வச்சிருந்தேன், மேடம். ரெண்டு வருசம் முன்னாடி முதலாளிதான் அழிச்சிட்டாரு."

சொன்ன மறு நிமிடம் வாசலில் கார் வந்து நின்றது. வேல்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு, சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"ஏம்மா, சீசன் எப்பன்னு தெரியாத ஆளு உலகத்துல உண்டா? இந்தா பக்கத்துல சுரண்டையில பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூட தெரியும். சித்திரையில வந்து அருவியத் தேடுதீங்க. நான் என்ன, மலைமேல ஏறி நின்னு குடத்தால ஊத்தவா?"

"ஒஸ்லோவில பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியாது," என்றாள் துஷ்யந்தி. "ஆனா உங்களுக்குத் தெரியும். தண்ணி இல்லையெண்டு இருந்ததை நீங்கள் தெரிஞ்சுகொண்டே அழிச்சனீங்கள்."

சிரிப்பு நின்றது.

"அழிச்சேன்னு யாரு சொன்னா?"

அவர் துஷ்யந்தியைப் பார்த்துக் கேட்கவில்லை. சங்கரேஸ்வரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். துஷ்யந்தி ஒரு கணம் அவளைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. உங்கட பக்கத்தின்ர பழைய பிரதி இன்டர்நெட்டிலயே கிடக்கு. நானே தேடிப் பிடிச்சனான். மேசையில நிக்கிற இந்தப் பிள்ளையிட்டக் கேட்டன், ஒண்டும் தெரியாதெண்டு நிக்குது."

வேல்சாமி இன்டர்நெட்டை ஏசிக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டார். துஷ்யந்தி சொன்னது பொய்தான். ஆனால் அத்தனை கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தவள், முன்பின் தெரியாத ஒருத்தியின் அடுப்பு அணையக் கூடாது என்று சொன்ன பொய். குற்றாலநாதர் அதை மட்டும் காதில் வாங்கியிருக்க மாட்டார்.

ஒரு மணி நேரத்தில் துஷ்யந்தியின் பெட்டிகள் மாடியிலிருந்து இறங்கின. வாடகைக் கார் வரை கூடவே போன சங்கரேஸ்வரி, "மன்னிச்சிருங்க மேடம்," என்றாள்.

"எனக்கு உங்களிலயும் கோபம்தான்," என்றாள் துஷ்யந்தி மெல்ல. "ரெண்டு வருசமாத் தெரிஞ்சுகொண்டு இருந்தனீங்கள்." கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆரணி மட்டும் கை காட்டினாள்.

கார் போனதும் சங்கரேஸ்வரி மேசைக்குத் திரும்பி வந்தாள். அண்ணாச்சி மேல் வந்த கோபம் மத்தியானத்துக்குள் தேய்ந்துபோயிற்று. தன் மேல் வந்தது தேயவில்லை. முதலாளி அழித்தது ஒரு தடவை. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து, பார்த்து, மூடியது அவள்.

மறுநாள் அவளுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை. ஐந்தரைக்கே பஸ்ஸை விட்டு இறங்கி அருவிக்கு நடந்தாள். கடைகள் திறக்கவில்லை. ஈரமே இல்லாத பாறைக்கு எதிரே நின்று, கைபேசியில் ஒரு படம் எடுத்தாள். வெளிச்சம் போதாததால் இன்னொன்று எடுத்தாள்.

லாட்ஜில் யாரும் எழுந்திருக்கவில்லை. கணினியைத் திறந்தாள். அருவி கொட்டும் பழைய படத்தை எடுத்துவிட்டு அந்தப் பாறையைப் போட்டாள். கீழே தேதியும் போட்டு எழுதினாள்: 'மார்ச் முதல் மே வரை அருவிகளில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. குழந்தைகளை அழைத்து வருவோர் ஜூன் பாதிக்கு மேல் வாருங்கள். புறப்படும் முன் எங்களிடம் கேளுங்கள், உள்ளதைச் சொல்வோம்.' யார் மாற்றியது என்று அண்ணாச்சி கேட்டால் நான்தான் என்று சொல்ல வேண்டும். அதை வாய்க்குள்ளேயே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நார்வேக்காரிக்கு ஒரு செய்தி அனுப்பலாமா என்று நினைத்தாள். வேண்டாம், அது நல்ல பெயர் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

பக்கத்தைப் பதிவேற்றிவிட்டு, சாமி படத்தில் வாடிக்கிடந்த நேற்றைய பூவை எடுத்தாள்.