ஒன்றும் காணாத வாரம்

ஞாயிறு காலை ஜெப நேரத்தைத் தபிதாதான் தொடங்கிவைப்பாள். அந்தக் குளிர்நாட்டுக் கிராமத்தின் சிறிய பாப்டிஸ்ட் சபையில் அப்படியே வழக்கமாகிவிட்டது. தினமும் விடியலில் கிரிஷ் என்னும் ஆற்றின் கரைவரை நடந்துவிட்டு வருபவள், வழியில் கண்ட ஏதாவது ஒன்றை எழுந்து நின்று சொல்வாள். கரையோரம் உறைந்தாலும் நடுவில் நிற்காமல் ஓடும் தண்ணீரைப் பற்றிச் சொல்வாள். சபை கண்மூடிக் கேட்டுவிட்டு முழந்தாளிடும்.

அவள் கணவர் தெயோஃபில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க வீட்டில்தான் இருப்பார்.

"எங்க போற?"

"கோழிக்குத் தீனி போட."

"அதுக்கு இவ்வளவு நேரமா?"

காலை நடைக்கு மட்டும் கேள்வி கிடையாது. அது ஆண்டவர் காரியம்.

ஆனால் ஆற்றங்கரையில் அவள் எதையும் தேடியதில்லை. சும்மா நிற்பாள். அவளும் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்பதில்லை, அவரும் அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. நாளெல்லாம் அவளுக்கு மூச்சு விட முடிந்த இடம் அது ஒன்றுதான். திரும்பும் வழியில் கண்ணில் பட்டதைப் பாடமாக்கிக்கொள்வாள். பாடம் பொய்யல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்கு அவள் கட்டிய வாடகை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வாடகையைக் கொஞ்சம் அதிகமாகக் கட்டிவிட்டாள்.

"ஓக் மரத்துல காஞ்ச இலை இன்னும் தொங்குது. எவ்வளவு காத்தடிச்சும் முழுசா விழல. உள்ளேயிருந்து புதுத் தளிர் தள்ளுறப்பதான் விழும். நம்ம பழைய சுபாவமும் அப்படித்தான். அடிச்சா போகாது."

சவேத்தா அக்கா வாய்விட்டு அழுதாள். ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"நாங்களும் வர்றோம். ஆறு பேரு. எல்லாத்தையும் நீ ஒருத்தியே பாத்துட்டு வந்தா எப்படிடி?"

"குளிரு ஜாஸ்திக்கா…"

"எனக்கென்ன, ரெண்டு பாவாடை சேத்துக் கட்டிக்கிறேன்!"

பாஸ்டர் நத்தனயேலுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பனி கொஞ்சம் விடட்டும் சிஸ்டர். நாளைக்கு வேண்டாம், அடுத்த திங்கள் ஆரம்பிச்சிடலாம்."

தெயோஃபில் தலையாட்டினார். "தனியா போறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அந்த வாரம் முழுக்கக் கரையில் போய் நின்றாள், ஆற்றைப் பார்க்கவே இல்லை. வர வேண்டாம் என்றால் பெருமைக்காரி என்பார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாதவளை யாரும் பின்தொடர மாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. பாடம் நின்றால் காலை நடைக்கும் வீட்டில் கேள்வி வரும்தான். வரட்டும்.

ஞாயிறு எழுந்து நின்றாள்.

"இந்த வாரம் நான் ஒண்ணும் பாக்கல. வெறும் மரம், வெறும் தண்ணி. சொல்றதுக்கு எதுவும் இல்ல."

உட்கார்ந்தாள். சபையின் கணப்பு அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. தெயோஃபில் இருமினார். அவளுக்குள் ஏதோ இறுக்கம் தளர்ந்தது.

அப்போது பாஸ்டரின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "ஆண்டவர் நம்ம சிஸ்டரோட வாயைக் கட்டி, நமக்கு மௌனத்தைப் போதிச்சிருக்கார்."

"ஆமென்," என்றது சபை.

சவேத்தா அக்கா மறுபடி அழுதாள். எல்லோரும் முழந்தாளிட்டார்கள், ஒருவரும் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. இது பாடமில்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது தபிதாவுக்கு. கத்தினால் அதுவும் பாடமாகிவிடும்.

மதியம் சூப்பை உறிஞ்சியபடி தெயோஃபில் சொன்னார்: "எப்படித்தான் தோணுதோ உனக்கு!"

"ஏங்க, நெசமாவே நான் ஒண்ணும் பாக்கலங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். இன்னும் கொஞ்சம் ஊத்து."

திங்கள் விடியலில் வேலிக்கு வெளியே ஆறு தலைக்குட்டைகள் தெரிந்தன. சவேத்தா அக்கா உதட்டில் விரலை வைத்துக் கிசுகிசுத்தாள்: "பேசவே மாட்டோம். உன்னை மாதிரியேதான்."

சொன்னபடி யாரும் பேசவில்லை. தபிதா வலப்பக்கம் பார்த்தால் ஆறு தலைகளும் வலப்பக்கம் திரும்பின. ஆற்றங்கரையில் அவள் தரையைப் பார்த்தாள், அவர்களும் பார்த்தார்கள். பார்க்க இனி இடமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்னால் யாரோ மெல்ல விசும்பத் தொடங்கினார்கள்.