ஆளில்லாமல் கிளம்பிய பெருமூச்சுக்காரி

இன்ஜின் ஷெட்டிலிருந்து பெருமூச்சுக்காரி வெளியே வருவதைக் கரியக்காதான் முதலில் பார்த்தாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஷெட் என்றிருந்தால் இன்ஜின் வரும், போகும். ஆனால் வந்த இன்ஜின் கரிமேடையைத் தாண்டும்போது விசில் அடிக்கவில்லை. எந்த டிரைவரும் அப்படிச் செய்யமாட்டான். திட்டிவிடலாம் என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள்.

டிரைவர் நிற்கிற இடத்தில் ஒருவரும் இல்லை. அடுப்பு மட்டும் உள்ளே ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"டேய் தம்பி! அந்த இன்ஜின்ல ஆளே இல்லடா!"

கரியக்கா என்பது ஷெட் வைத்த பெயர். கரிமேடையில் நின்று இன்ஜின்களுக்குக் கரி ஏற்றுகிற கூட்டத்துக்கு அவள்தான் மேஸ்திரி. குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அவளுடைய கூடப்பிறந்த தம்பி அதே ஷெட்டில் ஷண்டிங் இன்ஜின் டிரைவர். 'குட்டி' என்று எல்லாரும் கூப்பிடுகிற அந்தச் சின்ன இன்ஜின் அப்போது கரிமேடைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தது. அடுப்புக்குக் கரி தள்ளுகிற அதன் பயர்மேன் டீ வாங்கப் போயிருந்தான். போனவன் டீத்தூளையே விளைவித்துக் கொண்டுவருவான்போல, ஆளைக் காணோம்.

"சும்மா இருக்கா. டிரைவர் குனிஞ்சு எதையாவது எடுத்துக்கிட்டு இருப்பாரு," என்றான் தம்பி.

"குனிஞ்சா முதுகு தெரியாதா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அதற்குள் ஷெட்டுக்குள்ளிருந்து, இன்ஜின் பழுதுபார்க்கிற பிட்டர் ஓடிவந்தார். ஒரு கையில் சுத்தியல், மறு கையால் தலையில் அடித்துக்கொண்டே வந்தார். "கட்டையை எடுத்துட்டேன்! பிரேக் போட்டிருக்குன்னு நெனச்சுச் சக்கரத்துக்கடியில இருந்த கட்டையை எடுத்துட்டேன்!"

பெருமூச்சுக்காரிக்கு அந்தப் பெயர் வந்ததே அவளுடைய வியாதியால்தான். நீராவியை அடைக்கிற ரெகுலேட்டரை எவ்வளவு இறுக்கி மூடினாலும் கொஞ்சம் கசியும். நிற்கும்போதெல்லாம் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி ஸ்ஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டே இருப்பாள். அதைச் சரிபார்க்கத்தான் அன்று காலையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். கசிந்த நீராவி உள்ளே சேர்ந்து சேர்ந்து, தடுப்புக் கட்டையும் போனதும், சக்கரத்தை மெல்லத் தள்ளிவிட்டது. பெரிய இன்ஜின். ஷெட் வாசலைத் தாண்டினால் ஒரே இறக்கம்.

சிக்னல் கேபின் ஜன்னலில் சிக்னல்காரர் தலையை நீட்டினார்.

"பாசஞ்சர் அடுத்த ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிடுச்சு! ஒரே லைன்! எதிர்ல வருது!"

கரியக்காவுக்கு அந்த வண்டியைத் தெரியும். காலைப் பாசஞ்சரில் இடமிருக்காது. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மார்க்கெட்டுக்குக் கூடை தூக்கிப் போகிறவர்கள் எல்லாரும் தொங்கிக்கொண்டு வருவார்கள்.

தம்பி ஏற்கெனவே குட்டியின் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டிருந்தான். "லைனைப் பிரிக்கிற பாயிண்ட்டை மாத்துங்க! நான் பின்னாடி போறேன்!" என்று கேபினைப் பார்த்துக் கத்தினான். பிறகு திரும்பிப் பார்த்தான். கரி தள்ள ஆளில்லை. பயர்மேன் இன்னும் டீயோடுதான் இருந்தான்.

கரியக்கா மேடையிலிருந்து நேராகக் குட்டியின் கரிக்குவியல்மேல் குதித்தாள்.

"நீ எதுக்குக்கா ஏறுற? இறங்கு!"

"யாரு கரி போடுவா? உன் பாட்டனா வருவான்? ஓட்டுடா!"

குட்டி ஒரு உதறு உதறிக்கொண்டு கிளம்பியது. கரியக்கா மண்வாரியை எடுத்தாள். இத்தனை வருஷமாக இன்ஜினுக்கு வெளியே நின்று கரி போட்டவள் முதல்முறையாக அடுப்பு வாய்க்கு நேரே நின்றாள். முகத்தில் அறைந்த சூட்டில் புருவம் பொசுங்குகிற மாதிரி இருந்தது. முதல் வாரி அடுப்புக் கதவில் பட்டுச் சிதறியது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவது போட்டபோது கைக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது.

"நடுவுல குவிக்காத! ஓரத்துல தூவு!"

"தூவுறேன், தூவுறேன். நீ முன்னாடி பாரு."

ஷெட்டின் வேலி, தண்ணீர்த் தொட்டி, கேட்டுக்கு அந்தப்பக்கம் காத்திருந்த சைக்கிள்காரர்கள், எல்லாம் பின்னால் ஓடின. குட்டி அந்த வேகத்தில் ஓடி யாரும் பார்த்ததில்லை. பெட்டிகளை முட்டித் தள்ளி வரிசைப்படுத்துவதற்குப் பிறந்த இன்ஜின் அது. தகரம், ஆணி, தரைப்பலகை எல்லாமே தனித்தனியாகக் கூத்தாடின. தம்பி ஒரு கையால் விசிலை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தான். பயம் இருந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அதற்கும் மேலே வேறொன்று பொங்கி வருவதைக் கரியக்கா உணர்ந்தாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. இந்த நேரத்தில் போய்ச் சிரிப்பு வருகிறதே!

வளைவு திரும்பியதும் பெருமூச்சுக்காரி தெரிந்தாள். முன்னால் புகைபோக்கி, பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டர் வண்டி. யாரையும் சட்டை செய்யாமல் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தாள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

"கிட்ட போனதும் முட்டுவேன். முட்டினதும் நம்ம சங்கிலியை எடுத்து அவ கொக்கியில மாட்டணும்," என்றான் தம்பி. மாட்டுவது யார் என்பதை அவன் இன்னும் யோசிக்கவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கரியக்கா மண்வாரியை வைத்தாள்.

"வேண்டாம்க்கா. கால் தவறினா சக்கரத்துக்கடியிலதான். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"நான் ஓட்டினா நீ போய் மாட்டலாம். எனக்கு ஓட்டத் தெரியுமா? பேசாம இரு. சமமா ஓட்டு, குலுக்காத. குலுக்கினா வீட்டுக்கு வந்து உதைப்பேன்."

பாய்லரின் பக்கவாட்டில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குத்தான் பலகை இருந்தது. துணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி அவள் முன்னால் நகர்ந்தாள். காற்று காதை அடைத்தது. கம்பி சுட்டது. முகப்புக்கு வந்து குந்தி உட்கார்ந்து ஒரு கையால் விளக்குக் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். டெண்டரின் கறுப்புச் சுவர் எதிரே வளர்ந்துகொண்டே வந்தது.

டங்!

முட்டியதில் பல் அதிர்ந்தது. சங்கிலியைத் தூக்கி வீசினாள். கொக்கியில் பட்டு நழுவியது. இன்ஜின்கள் மறுபடி விலகின. கீழே தண்டவாளக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோடாக ஓடின. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் கதை முடிந்தது என்று தெரியும்.

"இன்னொரு தடவை முட்டுடா!"

டங்! இந்தத் தடவை வீசவில்லை. உடம்பை நீட்டி, குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி வளையத்தைக் கொக்கியின் தலையில் மாட்டினாள். விழுந்தது. பிடித்தது.

"மாட்டிட்டேன்! போடு பிரேக்கை!"

குட்டியின் சக்கரங்கள் கிறீச்சென்று அலறின. பொறி பறந்தது. வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. நாய்க்குட்டி யானையின் வாலைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. முன்னால் பெருமூச்சுக்காரியின் நீராவி தள்ளிக்கொண்டே இருக்கிறது. சங்கிலி விறைத்து முனகியது.

"அக்கா! அறுத்துக்கும்போல இருக்கு!"

கரியக்கா டெண்டரின் ஏணியைப் பார்த்தாள். எட்டிப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலையும் இழுத்துக்கொண்டாள். மேலே ஏறினால் கரி. அவ்வளவுதான், பாதிப் பயம் போய்விட்டது. கரிமேல் நடப்பதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கட்டி உருளும், எந்தக் கட்டி தாங்கும் என்பது பாதத்துக்கே தெரியும். நாலு கால் பாய்ச்சலில் அந்தக் கரிமலையைத் தாண்டி, மறுபக்கம் சறுக்கி, டிரைவர் நிற்கிற இடத்தில் தொப்பென்று விழுந்தாள்.

உள்ளே ஆளில்லாத வீட்டில் அடுப்பு எரிவது மாதிரி இருந்தது. பிட்டரின் ஸ்பானர் ஒன்று தரையில் இங்கும் அங்கும் உருண்டுகொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் கைப்பிடி, குழாய், சக்கரம்.

"லிவரை நடுவுல வை!" தம்பியின் குரல் பின்னாலிருந்து காற்றில் கிழிந்து கிழிந்து வந்தது. "பெரிய லிவர்! நடுவுல!"

பெரிய லிவர் முன்பக்கம் சாய்ந்து நின்றது. அது இருக்கும் பக்கம்தான் நீராவி இன்ஜினைத் தள்ளும். நடுவில் நிறுத்தினால் எந்தப் பக்கமும் தள்ளாது. இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, காலைச் சுவரில் உதைத்து, "வாடி இங்க!" என்று ஒரு இழு இழுத்தாள். லிவர் சட்டென்று வந்துவிட்டது. அவள் பின்னால் விழுந்தாள். இன்ஜினின் மூச்சு சட்டென்று அடங்கியது.

அடுத்தது கை பிரேக். அந்தச் சக்கரத்தைச் சுற்றினாள், சுற்றினாள், தோள் கழன்றுவிடும்போல வலிக்கும்வரை சுற்றினாள். அப்போதுதான் மரங்களுக்கு மேலே புகை தெரிந்தது. அவர்களுடைய புகை இல்லை. எதிரே வருகிற புகை.

கையில் கிடைத்த விசில் கயிற்றைப் பிடித்து அவள் தொங்கினாள். பெருமூச்சுக்காரி அடிவயிற்றிலிருந்து அலறினாள். பின்னால் குட்டியும் கீச்சென்று கூடவே கத்தியது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் விசில் வந்தது, அதோடு பிரேக் அலறுகிற சத்தமும். பாசஞ்சர் வளைவைத் திரும்பி, பெரிதாகி, இன்னும் பெரிதாகி, கடைசியில் ஒரு குலுக்கலோடு நின்றது. இவர்களும் நின்றார்கள். எதிர் டிரைவரின் மீசையில் எத்தனை நரை என்று பார்க்கிற தூரம்.

பிறகு அந்த மீசைக்காரர் கீழே இறங்கி வந்தார். நிமிர்ந்து பார்த்தார். தலைமுதல் கால்வரை கரி அப்பிய ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளை.

"யாரும்மா நீ? டிரைவர் எங்க?"

"டிரைவர் இன்னைக்கு லீவுங்க. இன்ஜின் தானா வேலைக்கு வந்துடுச்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துத் தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பி ஓடிவந்து மேலே ஏறி, அவளைக் கட்டிக்கொண்டான். அவன் முகமெல்லாம் கரியானது.

"அழுவறியாடா?"

"புகை."

திரும்பிப் போனது ஒரு ஊர்வலம். முன்னால் குட்டி இழுத்தது, நடுவில் பெருமூச்சுக்காரி, பின்னாலிருந்து பாசஞ்சர் மொத்த ரயிலோடும் தள்ளிக்கொண்டு வந்தது. என்ன நடந்தது என்று பெட்டிக்குப் பெட்டி செய்தி போய்விட்டது. ஜன்னலெல்லாம் தலைகள். ஷெட் வாசலில் எல்லா ஆட்களும் கூடியிருந்தார்கள். பயர்மேன் ஆறிப்போன டீயோடு முன்வரிசையில் நின்றான். பிட்டர் நேராக ஷெட்டுக்குத் தலைவரான போர்மேனிடம் போய், "தப்பு என்னுதுங்க, நான்தான் பிரேக்கைத் தொட்டுப் பார்க்கல," என்றார். போர்மேன் அவரை ஒரு வாங்கு வாங்கினார். பிறகு கரியக்கா பக்கம் திரும்பினார். அவளையும் திட்டத்தான் வாயைத் திறந்தார்போல. அதற்குள் பாசஞ்சரில் இருந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் வேறு வழியில்லாமல் தட்டினார்.

"உனக்கு என்னம்மா வேணும், கேளு. மேலிடத்துல சொல்றேன்."

அவள் யோசிக்கவே இல்லை. "பயர்மேன் வேலை."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. தம்பி மட்டும், "ஐயோ, என் இன்ஜின்ல வேண்டாங்க. வீட்லயே தாங்க முடியல," என்றான். போர்மேனே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

மேலிடம் லேசில் சம்மதிக்கவில்லை. பொம்பளை என்றார்கள், வழக்கமில்லை என்றார்கள், பரீட்சை வைத்தார்கள். அடுப்பு முன்னால் நிறுத்தி, ஏற்றத்தில் சரக்கு வண்டி இழுக்கிறபோது நீராவி குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் தடவை பாதியில் குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள். இரண்டாம் தடவை குறையவில்லை. தையல்காரரான அவளுடைய வீட்டுக்காரர் அளவெடுத்து, முழங்காலுக்கு இரட்டைத் துணி வைத்து, நீல நிறத்தில் ஒரு கால்சட்டையும் மேல்சட்டையும் தைத்துக் கொடுத்தார். "இவ்வளவு பெரிய பாக்கெட் எதுக்கு?" என்று கேட்டாள். "வழியில பசிக்கும்ல," என்றார்.

அவளை யாரோடு போடுவது என்று வந்தபோது மற்ற டிரைவர்கள் எல்லாரும் ஒரே குரலில் தம்பியைக் காட்டினார்கள். அவனுக்கும் அதற்குள் பெரிய இன்ஜினுக்கு மாற்றல் வந்திருந்தது. அவன் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறினான்.

முதல் நாள் சரக்கு வண்டி காலை வெயிலில் கிளம்பியது. மலையைக் குடைந்த குகைப்பாதையைத் தாண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் வெட்டவெளியாக, கண்ணுக்கு எட்டியவரை தண்டவாளம் நேராக ஓடியது. கரியக்கா அவ்வளவு தூரம் வந்ததே இல்லை. மண்வாரியில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, பேச்சே காணோம்?"

"பேச்சென்னடா பேச்சு," என்றாள் அவள், அடுப்புக் கதவைத் திறந்துகொண்டே. "நீராவி நிறைய இருக்கு. ரெகுலேட்டரை இன்னும் கொஞ்சம் திற!"